இருக்கையை விட்டு எழுந்தால் நின்றுவிடும் வண்டி

1

இன்று காலை என் வண்டி நின்றது. அது நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை, நிற்கத்தான் வேண்டும். புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்து, கத்திகளை ஓடவிட்டு, இருக்கையிலிருந்து உடம்பைக் கொஞ்சம் தூக்கினால் எஞ்சின் சட்டென்று அணைய வேண்டும். தினமும் வேலை தொடங்கும் முன் நாங்கள் செய்கிற முதல் சோதனை இதுதான். அணைந்தால் வண்டியை வெளியே எடுக்கலாம். அணையாவிட்டால் சாவியைக் கழற்றிச் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட வேண்டும். அன்று அந்த வண்டியை ஒருவரும் தொடக்கூடாது.

வண்டி நின்ற பிறகும் நான் இறங்கவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து மறுபடி எழுந்து பார்த்தேன். நின்றது. மனசு ஆறாமல் இன்னொரு தடவையும் பார்த்தேன். ஷெட் வாசலில் காப்பியோடு நின்றிருந்த சூப்பர்வைசர், வண்டியில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். வண்டியில் இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கோளாறு மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் புல்தரையில் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நான் கனடாவில், டொரோண்டோவுக்கு மேற்கே ஒரு சிறிய நகரத்தில் இருக்கிறேன். மனைவி தேவகி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது, நான் அவள் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். ஊரில் டிராக்டர் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தேன். அந்தச் சான்றிதழ்களை இங்கே ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு அனுப்பி அனுப்பிக் கடைசியில் நகராட்சிப் பூங்கா இலாகாவில் புல் வெட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது அந்த வண்டி மேல் எனக்கு ஒரு பாசமே உண்டு. ஊர்ப் பெயர் சொன்னால் முன்பெல்லாம் யாருக்கும் தெரியாது. இந்த 1991 மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் என்றால் சிலர் தலையசைக்கிறார்கள். தெரிய வந்த காரணம் நல்லதல்ல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். என் பயத்தில் பாதியை நீங்கள் தள்ளுபடி செய்துவிட்டுப் படிக்கலாம். மீதிப் பாதி நிஜம்.

2

நவம்பர் வந்துவிட்டது. புல் வளர்வது நின்று, வண்டிகளைப் பனிக்காலத்துக்குக் கட்டிவைக்கும் வேலை நடக்கிறது. மழையில்லாத நாளில் மைதானத்தில் இலைகளை நொறுக்க ஒரு சுற்று. மற்ற நேரமெல்லாம் ஷெட்டுக்குள்தான்.

இந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, வயிற்றுக்கு அடியில், ஒரு பெரிய இரும்பு மூடி தரையை ஒட்டித் தொங்கும். டெக் என்போம். அதற்குள்தான் கத்திகள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அவை ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது, ஒரு இரைச்சல்தான் கேட்கும். கத்தியை நிறுத்திய பிறகும் சில நொடிகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பழகியவர்கள் கையை இழப்பது பெரும்பாலும் அந்தச் சில நொடிகளில்தான் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

கத்தியைக் கழற்றுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைப் பிடுங்கி ஓரமாகக் கட்டிவைப்பேன். கையால் கத்தியைச் சுழற்றினால்கூட எஞ்சின் ஒரு துடிப்பு துடித்துவிடலாம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் கீழே முட்டுக் கொடுப்பேன். டெக்கில் காய்ந்து ஒட்டிய புல்லை மரக்கரண்டியால் சுரண்டுவேன். கத்தியைச் சாணை பிடித்து, நடு ஓட்டையை ஒரு ஆணியில் மாட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பேன். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமமாக இல்லாத கத்தி வண்டியையே உலுக்கிவிடும். பெட்ரோலை வடித்து, பாட்டரியைக் கழற்றி, சூடான அறைக்கு எடுத்துப்போய் வைப்பேன்.

போன கோடையில் இந்த வேலையெல்லாம் என்னோடு சேர்ந்து செய்தவள் என் மகள் வனிதா. பதினெட்டு வயது. பள்ளிக்கூடம் முடிந்ததும், ஒரு வருடம் கழித்துத்தான் கல்லூரி என்று அறிவித்துவிட்டாள். இங்கே பிள்ளைகள் கேட்பதில்லை, அறிவிப்பார்கள். ஏன் என்றால் யோசிக்க வேண்டுமாம். யோசிக்க வேறு இடம் கிடைக்காதது போல எங்கள் இலாகாவிலேயே சீசன் ஆளாகச் சேர்ந்து, என் கண்ணெதிரில் இன்னொரு புல்வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கடல் தாண்டி வந்தது இதற்கா என்று தேவகி என்னிடம்தான் அழுதாள். மகளிடம் அழுதால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதற்கு ஈடுகொடுத்து வாதாட எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் போதாது.

ஆனால் வேலையில் அவள் சுத்தம். பயிற்சியில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சரிவில் ஈரப் புல் இருந்தால் ஏறமாட்டாள். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றமாட்டாள். இறங்கினால் சாவியும் அவளோடு இறங்கும். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் மேஜையில் அவள் பக்கத்தில் சாவி கிடக்கும். இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நானே ஒரு நாள் கேலி செய்திருக்கிறேன்.

3

அக்டோபரில் லீவு எடுத்துக்கொண்டு நானும் வனிதாவும் ஊருக்குப் போனோம். தேவகிக்கு லீவு கிடைக்கவில்லை.

என் தங்கை கஸ்தூரியை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மண்ணூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ஏழுமலை முன்பு டிராக்டர் ஓட்டியவர். வெளிநாட்டுக்காரர்களோடு கூட்டாகப் பக்கத்தில் ஒரு கம்பெனி வந்தபோது டெம்ப்ரவரியாகச் சேர்ந்தார். இயந்திரங்கள் வந்த கன்டெய்னரில் ஒரு புல்வெட்டும் வண்டியும் வந்து இறங்கியிருக்கிறது. ஆபீசுக்கு முன்னால் பெரிய புல்தரை போட வேண்டும் என்பது அந்த வெளிநாட்டு முதலாளிகளின் ஆசை. டிராக்டர் தெரிந்தவன் யார் என்று தேடி மாப்பிள்ளையை அதில் ஏற்றிவிட்டார்கள். போன உடனேயே என்னை அந்த வண்டியைப் பார்க்க அழைத்துப்போனார். மே மாதத்துக்குப் பிறகு கேட்டில் கெடுபிடி அதிகம். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, யார், எதற்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு அட்டையைச் சட்டையில் குத்திவிட்டார்கள். பிறந்த ஊரில் விசிட்டர் என்ற அட்டையோடு நடந்தேன்.

வண்டி கிட்டத்தட்ட என் வண்டிதான். பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை அதைத் துடைத்து வைத்திருந்த அழகே தனி. ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஏறினார். ஓட்டிக்கொண்டே வந்தவர் ஒரு கல்லைப் பார்த்ததும் கீழே குதித்து, அதை எடுத்து ஓரமாக வீசிவிட்டு மறுபடி ஏறினார். எஞ்சின் அணையவில்லை. கத்திகள் நிற்கவில்லை.

இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருக்கும் சுவிட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிக் கட்டி, மேலே டேப் சுற்றியிருந்தது. ஆள் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் வண்டிக்குத் தெரியாது. எப்போதும் ஆள் உட்கார்ந்திருப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும்.

"ஏரிக்கரை மண்ணு மச்சான். பத்தடிக்கு ஒரு கல்லு கீது. ஒவ்வொரு கல்லுக்கும் எறங்கனா வண்டி ஆஃப் ஆயிடுது. பாட்டரி வேற வீக்கு. அதான் மெயின்டனன்ஸ்ல சொல்லி கட்டிக்கினேன்."

நியாயமாக இப்படி நடக்கக் கூடாது. கத்தியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினால் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும்; அப்படித்தான் வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் அறுந்து காணாமல் போயிருந்தது. அதனால் பிரேக் போட்டாலும் போட்டதாக வண்டிக்குத் தெரியவில்லை, இறங்கியதும் அணைகிறது. ஒரு விரல் நீள ஸ்பிரிங். அது இருந்தால் ஒயரைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை.

இதைச் சொன்னேன். ஸ்பிரிங்கை நான் அனுப்புகிறேன், அதுவரை கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்றேன். மாப்பிள்ளை மறுக்கவில்லை. ஆயுத பூஜை முடியட்டும் என்றார். பூஜையன்று மேனேஜர் வருவார், அவர் எதிரில் வண்டியை ஓட்டிக்காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் பர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடுவார் என்று பேச்சு. அந்த நேரத்தில் வண்டி மக்கர் பண்ணினால் என்ன ஆகும்? எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்று ராத்திரி சாப்பிடும்போது, மற்றவர்களுக்குப் புரியாதிருக்க, வனிதாவிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதைப் பற்றிப் புலம்பினேன். அவள் சோற்றில் கையை வைத்தபடி, பாதுகாப்பு சுவிட்சை பைபாஸ் செய்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாள்.

4

ஆயுத பூஜையன்று தொழிற்சாலை முழுக்கச் சந்தன வாசனை. பிரஸ்ஸுக்கும் லேத்துக்கும் பட்டை போட்டு, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். குடும்பங்களையும் உள்ளே விட்டார்கள். பொரி, கடலைப் பொட்டலம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம். வனிதா கஸ்தூரியின் பழைய பாவாடை தாவணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து எனக்கு வெகுகாலம் ஆகியிருந்தது.

உள்ளே எல்லாம் முடிந்து கடைசியாகப் புல்வண்டிக்கு வந்தார்கள். மூக்கில் மூன்று பட்டை, ஸ்டியரிங்கில் சாமந்தி மாலை. பூஜை செய்தவர் ஒரு ஃபிட்டர்தான். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டியின் முழுச் சத்தமும் மேனேஜருக்குக் கேட்கட்டும் என்று கத்தியையும் ஓடவிட்டார்.

நகர்த்தப் போகும் நேரத்தில் முன்சக்கரத்துப் பழம் ஒன்று உருண்டுவிட்டது. அங்கே தரை கொஞ்சம் சரிவு. பழம் உருண்டு டெக்கின் ஓரத்தில் போய் நின்றது. எலுமிச்சம்பழம் நசுங்காமல் வண்டி நகரலாமா? நம்மில் யாருக்கும் மனசு வராது. மாப்பிள்ளை குதித்து இறங்கினார். ஒரு முட்டியைப் புல்லில் ஊன்றி, ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பழத்தைத் துழாவினார். பழம் உள்ளே நகர்ந்தது. கையும் உள்ளே போயிற்று.

நான் நாலைந்து பேருக்குப் பின்னால் இருந்தேன். கத்தினேன். நாதஸ்வரத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வனிதா பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தாள். ஓடவில்லை, வேகமாக நடந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுச் சாவியைத் திருகி, உருவி எடுத்துக்கொண்டாள்.

"மாமா, கைய வெளிய எடு" என்றாள்.

எஞ்சின் அணைந்தது. கத்திகளின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போய் நின்றது. மாப்பிள்ளை கையை வெளியே இழுத்தார். முழங்கை வரை எலுமிச்சைச் சாறும் தோல் துணுக்கும் தெறித்திருந்தன. பழம் உள்ளே சின்னாபின்னமாகிவிட்டது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்கள் எல்லாம் இருந்தன.

யாரோ நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள். நல்ல நேரத்தில் எடுத்த வண்டியை, அதுவும் ஒரு பெண் பிள்ளை, அணைத்துவிட்டாள் என்று முணுமுணுப்பு எழுந்தது. மாமாவைப் போய் 'எடு' என்று ஒருமையில் சொல்கிறதே என்று அதற்கு மேல் ஒரு முணுமுணுப்பு. பூஜை செய்த ஃபிட்டருக்கு, சக்கரத்தில் நசுங்காமல் கத்தியில் வெட்டுப்பட்ட பழம் கணக்கில் சேருமா சேராதா என்று குழப்பம். யார் இந்தப் பெண் என்று மேனேஜர் கேட்டார்.

"எங்க மச்சான் பொண்ணு சார். ஃபாரின்ல கீது" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வனிதாவிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கி, மறுபடி ஏறி, மிச்சமிருந்த பழங்களை நசுக்கி, வண்டியைக் கொண்டுபோய் ஷெட்டில் விட்டார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார்.

5

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வெளியே போய்விட்டார். கஸ்தூரி பாத்திரங்களைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"ண்ணா, இத்தினி வருசமா டெம்ப்ரவரி டெம்ப்ரவரின்னு சொல்லிக்கினு கீறாங்க அவுர. இன்னிக்குத்தான் அந்த மேனேஜர் எதுருல ஒரு நல்ல பேரு வாங்கறதா இருந்துது. அதுல போயி வண்டிய நிறுத்திட்டா உன் பொண்ணு."

"கை போயிருக்கும்மா" என்றேன்.

"போவலியே" என்றாள்.

போன கைக்குச் சாட்சி உண்டு. போகாத கைக்குச் சாட்சி கிடையாது. பூஜை கெட்டதை ஊரே பார்த்தது. கை தப்பியதைப் பார்த்தவர்கள் நானும் வனிதாவும், அந்தக் கைக்குச் சொந்தக்காரரும்தான்.

வனிதா அறைக்குள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் தடுமாற்றம், காதில் விழுவது எல்லாமே புரியும். நான் உள்ளே போனதும், தான் செய்தது தவறா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் அத்தை ஏன் அழுகிறாள் என்று கேட்டாள். பர்மனென்ட் என்றால் என்னவென்று அவளுக்கு விளக்கப் பார்த்தேன். வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொரு வேலை கிடைக்கிற ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு, பென்ஷனும் லோனும் கல்யாண மரியாதையும் ஒரே ஒரு தாளில் அடங்கியிருப்பதை எப்படி விளக்குவது? பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் தாவணியை மடித்துக் கஸ்தூரியின் கொடியில் போட்டுவிட்டு ஜீன்ஸுக்கு மாறினாள். திரும்பும்வரை மறுபடி தாவணியைத் தொடவில்லை.

நாங்கள் கிளம்பிய அன்று டாக்ஸி வந்து நின்ற பிறகுதான் மாப்பிள்ளை வந்தார். பெட்டியை அவரே தூக்கி வைத்தார். மறுபடி ஒருமுறை ஒயரைப் பற்றிச் சொன்னேன்.

"நீங்க ப்ளைட் ஏறிப் பூடுவீங்க மச்சான். நாங்கதான இங்க கீறோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கொஞ்சம் தணிந்து, "ஸ்பிரிங்க அனுப்புங்க. வந்த அன்னிக்கே அவுத்துடறேன்" என்றார்.

வனிதா, "போயிட்டு வரேன் மாமா" என்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டார்.

6

திரும்பி வந்த மறுநாளே ஸ்பிரிங்கை வாங்கினேன். ஒன்றுக்கு இரண்டாக. வனிதா பெட்டியில் போட்டு, சுங்கத் தாளையும் அவளே நிரப்பினாள். இங்கே பள்ளிக்கூடத்தில் உண்மையை முழுசாக எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருப்பது வணிக உபயோகத்துக்கான புல்வெட்டும் இயந்திரத்தின் பாதுகாப்பு உதிரிபாகம் என்று அச்சு மாதிரி எழுதிவிட்டாள். பரிசு என்று எழுதியிருந்தால் பேசாமல் போயிருக்கும். எனக்கு அது அனுப்பிய பிறகுதான் தோன்றியது.

பார்சல் மெட்ராஸ் வரை ஒழுங்காகப் போயிற்று. அங்கே சுங்க இலாகாவில் உட்கார்ந்துகொண்டது. இறக்குமதி லைசென்ஸ் எங்கே, எந்தக் கம்பெனி, பில் எங்கே என்று மாப்பிள்ளைக்குக் கேள்வி வந்திருக்கிறது. அவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மெட்ராசுக்குப் போனார். கவுன்டரில் இருந்தவர் இன்னொரு கவுன்டரைக் காட்டியிருக்கிறார். அந்தக் கவுன்டர், கம்பெனி முத்திரையோடு கடிதம் கேட்டிருக்கிறது. கம்பெனியில் கேட்டால், நாங்கள் ஆர்டர் போடாத ஸ்பிரிங்குக்கு நாங்கள் எப்படிக் கடிதம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வி சரியானதுதான். எல்லோருடைய கேள்வியும் சரியாகத்தான் இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும் வந்து சேரவில்லை.

வனிதாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தேவகி சொல்லிவிட்டாள். அன்று முழுக்க வனிதா அறையை விட்டு வெளியே வரவில்லை.

7

கஸ்தூரி வீட்டில் போன் கிடையாது. ஞாயிறு சாயங்காலம் அவர்கள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து காத்திருப்பார்கள். நான் இங்கே காலையில் கூப்பிடுவேன். எப்போதும் கஸ்தூரிதான் எடுப்பாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, கேட்டதாகச் சொல்லு என்பதோடு சரி. இந்த ஞாயிறு அவரே எடுத்தார்.

"மச்சான், ஒயர அவுத்துட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஸ்பிரிங் வந்துவிட்டதா என்று கேட்டேன். வரவில்லையாம். மோபெட் கடையில் ஒரு ஸ்பிரிங் வாங்கி மாட்டிப் பார்த்தாராம், அது இரண்டாம் நாளே தெறித்து விழுந்துவிட்டதாம். பிறகு ஏன் அவிழ்த்தார்?

"அன்னிக்கி அப்பறம் அதுல ஒக்காந்தாலே கை சில்லுனு ஆவுது மச்சான். எறங்கி கல்லு எடுக்க முடியல. கையப் பாத்துக்கினே நிக்கறேன். அதான் அவுத்துட்டேன்."

நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் மேலே பேசிக்கொண்டு போனார். ஒயரை அவிழ்த்ததிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி அணைகிறது. பாட்டரி இறங்கிவிடுகிறது, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது. புல்தரையில் பாதிகூட ஆகவில்லை. வெளிநாட்டு முதலாளிகள் வியாழக்கிழமை வருகிறார்கள். மேனேஜர் கூப்பிட்டு, முன்பு ஒழுங்காக ஓடிய வண்டி இப்போது மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்டாராம். வியாழக்கிழமைக்குள் புல் முடிந்தால் ஆர்டர், முடியாவிட்டால் டிராக்டர் தெரிந்த வேறு ஆள் வெளியே நிற்கிறான் என்று சொல்லிவிட்டாராம்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முதல் நாளே ஆள் விட்டுக் கல்லைப் பொறுக்கிவிடுங்கள், பிறகு வண்டியை எடுங்கள். நாங்கள் இங்கே அப்படித்தான் செய்கிறோம். ஆள் கேட்டாராம், இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். கஸ்தூரியைக் கூட்டிப்போய்ப் பொறுக்கலாம் என்றால் கேட்டில் விடமாட்டார்கள். கத்தியை உயர்த்தி வைத்துக் கல்லுக்கு மேலே ஓட்டலாமா என்று யோசித்தேன். பெரிய கல்லாக இருந்தால் கத்தியில் பட்டுத் துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். அதனால் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"வியாழக்கெழம வரிக்கும் கட்டிக்கட்டுமா மச்சான்?" என்றார்.

அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. என் அனுமதி அவருக்கு எதற்கு? கட்டச் சொல்லியோ, கட்டாதே என்றோ யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதை மேனேஜர் சொல்லமாட்டார், கஸ்தூரி சொல்லமாட்டாள். வேலை போனால் சோறு போடப்போவது நான் இல்லை. கை போனாலும் நான் இங்கேதான் இருப்பேன். வனிதா மாடிப்படியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டாதீங்க மாப்பிள்ள" என்றேன்.



"சரி மச்சான்" என்றார். வைத்துவிட்டார்.

நம் ஊரில் பெரியவர்கள் போனில் ஒன்று சொன்னால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டு, வேண்டியதைச் செய்துகொள்வார்கள். நானும் என் அப்பாவிடம் எத்தனையோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். வனிதா எழுந்து வந்து, மாமா என்ன சொன்னார் என்று கேட்டாள். சரி என்றார் என்றேன். நம்பலாமா என்று கேட்டாள். தமிழிலேயே கேட்டாள்.

இன்று செவ்வாய். இங்கே நான் ஷெட்டில் வண்டியிலிருந்து எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே இந்நேரம் பொழுது சாய்ந்திருக்கும்; இன்று மாப்பிள்ளை புல்தரையில் எத்தனை கல்லுக்கு இறங்கினாரோ, இறங்கும்போது வண்டி அணைந்ததோ இல்லையோ. அடுத்த ஞாயிறு நான் பூத்துக்குக் கூப்பிடும்போது கஸ்தூரி எடுக்கக் கூடாது. மாப்பிள்ளையே தன் கையால் எடுத்து "இன்னா மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். வேலை கிடைத்ததா என்று பிறகு மெதுவாகக் கேட்டுக்கொள்கிறேன்.